புதிய தாயத்து: வி.பி.என். நம்பிக்கையும் அதன் ஓட்டைகளும்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிப் பணம் கொடுப்பது என்கின்ற வழக்கமானது கோவிலோடும், குளத்தோடும், ஜோசியன் வீட்டுத் திண்ணையோடும் நின்று போய்விட்டதென்று யாராவது நினைப்பார்களேயானால், அவர்கள் ஏமாந்தவர்களேயாவார்கள். அந்த வழக்கம் இன்று நம் ஒவ்வொருவருடைய சட்டைப் பையிலும் இருக்கின்ற செல்போனுக்குள்ளேயும் புகுந்து உட்கார்ந்து கொண்டிருக்கின்றது. அப்படிப் புகுந்தவைகளில் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம். அதுதான் வி.பி.என். என்று சொல்லப்படும் மறைவுச் சாதனமாகும்.

சென்ற மாதம் ஓர் ஊரில் நடந்த கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து இரவு லாட்ஜில் பேசிக் கொண்டிருக்கையில் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்தார். தமது கிராமத்தில் சுடுகாட்டுப் பாதை விஷயமாக மேல்சாதிப் பெரிய மனிதர்கள் செய்துவரும் அக்கிரமங்களைப் புனைபெயரில் இன்டர்நெட்டில் எழுதி வருவதாகச் சொன்னார். "பெயர் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டோம். "தெரியாது அய்யா, வி.பி.என். போட்டுக் கொண்டுதான் எழுதுகிறேன், எவனாலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றோம். "விளம்பரத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறான்! மேலே சாவி அடையாளமும் தெரிகிறதே, பாருங்கள்" என்று செல்போனைக் காட்டினார்.

அந்த லாட்ஜின் வைஃபையில் இருந்தபடியே, அந்தச் செல்போன் வெளியே எதை எதைச் சொல்லுகின்றது என்று காட்டும் ஒரு சாதாரணப் பரீட்சையைச் செய்து பார்த்தோம். இரண்டு நிமிஷங்கூட ஆகவில்லை. லாட்ஜுக்கு இன்டர்நெட் கொடுக்கின்ற கம்பெனியின் பெயர் திரையில் வந்து நின்றது. அதாவது, அவர் எந்தெந்த இணையதளத்தைத் தேடுகிறார் என்கின்ற கேள்வியெல்லாம் மறைவுச் சாதனத்திற்குள் போகாமல், வெளி வழியாகவே போய்க் கொண்டிருந்தது. அப்பொழுதும் அந்தச் சாவி அடையாளம் மேலே அப்படியேதான் இருந்தது. தோழரின் முகம் வாடிவிட்டது. கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டு காலராக் காலத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்தவன் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

நிற்க, வி.பி.என். என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். நாம் செல்போனிலிருந்து அனுப்புகின்ற சேதியானது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் போக வேண்டிய இடத்தின் விலாசமும் புறப்பட்ட இடத்தின் விலாசமும் எழுதப்பட்டுப் போகின்றது. இன்றைக்குப் பெரும்பாலான இணையதளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பூட்டை உபயோகிப்பதால், பொட்டலத்தின் உள்ளே இருப்பதை வழியிலிருப்பவன் படிக்க முடியாது என்பது வாஸ்தவமே. ஆனால், மேலே இருக்கும் விலாசத்தை அவன் படிக்கலாம். இன்னார் இன்ன நேரத்தில் இன்ன இடத்திற்குப் போனார் என்று கணக்கு எழுதி வைக்கலாம். வி.பி.என். கம்பெனிக்காரன் என்ன செய்கிறான் என்றால், இந்தப் பொட்டலங்களையெல்லாம் பூட்டுப் போட்ட ஒரு குழாய் வழியாகத் தன்னுடைய சர்வருக்குக் கொண்டு போய், அங்கிருந்து தன் விலாசத்தின் பேரால் வெளியே அனுப்புகிறான். ஆகவே, வழியிலிருப்பவனுக்குக் குழாய் மாத்திரமே தெரியும். எதிரே இருக்கிற இணையதளத்துக்குக் கம்பெனியின் விலாசம் மாத்திரமே தெரியும். இதுவரையில் இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, நல்ல யுக்திதான்.

ஆனால், எல்லாப் பொட்டலமும் அந்தக் குழாய்க்குள்ளேதான் போகின்றதா என்பதே கேள்வி. அதைச் செல்போனுக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கின்ற ஒரு வழிப்பட்டியல்தான் தீர்மானிக்கின்றது. இன்ன விலாசத்திற்கு இந்த வழி, மற்ற எல்லாவற்றிற்கும் அந்த வழி என்று அதில் எழுதியிருக்கும். பொதுவான விதியும் தனிப்பட்ட விதியும் மோதினால், தனிப்பட்ட விதிதான் ஜெயிக்கும். "எல்லாம் குழாய் வழியே போக வேண்டும்" என்று வி.பி.என். எழுதி வைக்கின்றது. அதைவிடக் குறிப்பான ஒரு விதியை வேறொருவன் அந்தப் பட்டியலில் எழுதிவிட்டால், பொட்டலம் அவன் சொன்ன வழியில்தான் போகும்.

இப்படி எழுதக் கூடியவன் யார் என்று கேட்கலாம். நாம் ஒரு லாட்ஜிலோ, ரயில் நிலையத்திலோ, காப்பிக் கடையிலோ வைஃபையில் சேர்ந்தவுடன், அங்கிருக்கும் ஒரு யந்திரம் நமது செல்போனுக்கு ஒரு விலாசம் கொடுக்கின்றது. லாட்ஜ் குமாஸ்தா அறை நம்பர் கொடுப்பது போன்ற வேலை இது. டி.எச்.சி.பி. என்று அதற்குப் பெயர். அறை நம்பர் கொடுக்கும்போதே, "இன்ன இடத்திற்குப் போவதானால் இந்த வாசல் வழியே போ" என்று சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. 121-ஆம் நம்பர் விதி என்கின்ற இந்த அதிகாரம் 2002-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டது. 2024 மே மாதத்தில் லெவியாதன் செக்யூரிட்டி குரூப் என்னும் ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இந்த விதியைக் கொண்டே வி.பி.என். பொட்டலங்களைக் குழாய்க்கு வெளியே இழுத்துவிடலாம் என்று செய்து காட்டினார்கள். அதற்கு "டனல்விஷன்" என்று பெயரிட்டார்கள். குமாஸ்தா நாணயமானவனாக இருந்தால் தொந்தரவு இல்லை. குமாஸ்தாவின் நாற்காலியில் திருடன் உட்கார்ந்தால்தான் வினை!

இதில் விசேஷம் என்னவென்றால், குழாய் அறுந்து போவதில்லை. அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்று "கில் சுவிட்ச்" என்பதாக ஒன்றை இந்தக் கம்பெனிகள் விளம்பரப்படுத்துகின்றனவே, அது இங்கே பிரயோஜனப்படாமலேயே போகக் கூடும். ஏனெனில், குழாய் அப்படியே இருக்கின்றது. அதற்குள்ளே தண்ணீர்தான் ஓடவில்லை. திரையில் "இணைக்கப்பட்டுள்ளது" என்று பச்சை நிறத்தில் எழுதியிருக்கும்; பொட்டலமோ பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகப் போய்க் கொண்டிருக்கும். விண்டோஸ், ஐபோன், மாக், லினக்ஸ் ஆகியவைகள் இந்த விதிக்குக் கீழ்ப்படிபவை. ஆண்ட்ராய்டு ஒன்றுதான் இந்த 121-ஆம் விதியைக் கவனிப்பதே இல்லையாதலால் தப்பித்தது. தாயத்தின் பலத்தால் அல்ல. கட்டளை காதில் விழாததால்!

இதற்கு முந்தின வருஷம், அதாவது 2023 ஆகஸ்டில், நியூயார்க் பல்கலைக்கழகத்தையும், பெல்ஜியம் தேசத்து லுவென் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் "டனல்கிராக்" என்னும் மற்றொரு ஓட்டையை வெளியிட்டார்கள். 60-க்கும் மேற்பட்ட வி.பி.என்.களை எடுத்துப் பரீட்சை செய்ததில், ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வகைச் சாதனத்திலாவது ஒழுகியது என்று ருசுப்படுத்தினார்கள். அந்த ஓட்டைகள் இரண்டு விதம். ஒன்று, பக்கத்திலுள்ள பிரிண்டர் முதலியவைகளோடு பேசுவதற்காக "உள்ளூர் விலாசங்களுக்குக் குழாய் வேண்டாம்" என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். திருட்டு வைஃபைக்காரன், தூரத்திலுள்ள ஓர் இணையதளத்தின் விலாசத்தையே "இது உள்ளூர் விலாசம்" என்று சொல்லிவிட்டால் போதும்; செல்போன் அதை நம்பிக் குழாய்க்கு வெளியே அனுப்பிவிடும். மற்றொன்று, கம்பெனியின் சர்வருக்குப் போகிற பொட்டலம் குழாய்க்கு வெளியேதான் போக வேண்டும். இல்லாவிட்டால் குழாயே கட்ட முடியாது. திருடன் அந்தச் சர்வரின் விலாசத்தையே பொய்யாகச் சொல்லி, தான் பார்க்க விரும்பும் இணையதளத்தின் விலாசத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டால், அதற்குப் போகும் பொட்டலமெல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பூட்டை யாரும் உடைக்கவில்லை என்பதேயாகும். பூட்டு வெகு கெட்டியானதுதான்; கொல்லைக் கதவுதான் திறந்து கிடந்தது.

இன்னும் சொல்லப் போனால், சில ஓட்டைகளுக்குத் திருடன்கூட வேண்டியதில்லை. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் விலாசத்தைச் சொல்லுகின்ற டி.என்.எஸ். என்னும் விலாசப் புஸ்தகம் ஒன்று இருக்கின்றது. அந்தக் கேள்வி குழாய்க்கு வெளியே போனால், போகுமிடம் எல்லாம் வெளியாகிவிடும். நமது வாலிபத் தோழருக்கு நேர்ந்தது இதுதான். பணம் வாங்கிக்கொண்டு பெரிய அளவில் வியாபாரம் செய்யும் எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னின் விண்டோஸ் மென்பொருளிலேயே, 2022 மே முதல் 2024 பிப்ரவரி வரையில் வெளியானவைகளில் இத்தகைய ஓட்டை இருந்ததாக அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. சில பொட்டலங்களை மாத்திரம் குழாய்க்கு வெளியே அனுப்பும் சௌகரியத்தை உபயோகித்த சிலருக்குத்தான் இந்த ஆபத்து என்றாலும், கிட்டத்தட்ட இரண்டு வருஷ காலம் அது தெரியாமலே இருந்தது என்பதை யோசிக்க வேண்டும். அதற்கும் முன்பாக, 2015-இல் ரோமாபுரியிலும் லண்டனிலுமுள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 14 பிரபல வி.பி.என்.களைச் சோதித்தபோது, பழைய விதமான விலாசத்துக்கு மாத்திரம் குழாய் போட்டுவிட்டு, ஐ.பி.வி.6 என்னும் புதுவித விலாசத்தைக் கவனிக்காமலேயே விட்டவைதான் பெரும்பாலானவை என்று கண்டார்கள். வாசல் இரண்டிருக்கும் வீட்டுக்கு ஒன்றை மாத்திரம் பூட்டியவனைக் காவற்காரன் என்று சொல்ல முடியுமா?

இதுவரை சொன்னவை தவறுதலால் ஏற்பட்ட ஓட்டைகள். மனிதன் செய்யும் யந்திரத்தில் தவறுதல் இருக்கலாம், அதை மன்னிக்கலாம். ஆனால், வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஓட்டைகளும் உண்டு. 2016-இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆண்ட்ராய்டுக்கான 283 வி.பி.என். செயலிகளைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 18 செயலிகள் பூட்டே போடாமல் பொட்டலங்களை அனுப்பின. 100-க்கு 66 செயலிகளில் விலாசக் கேள்விகள் வெளியே ஒழுகின. 100-க்கு 75 செயலிகளில், உபயோகிப்பவரை வேவு பார்க்கும் வேற்றுக் கம்பெனிகளின் நிரல்கள் உள்ளே வைக்கப்பட்டிருந்தன! வேவுக்குத் தப்பிக்க வாங்கியதிலேயே வேவுகாரனை வைத்து விற்றார்கள் என்றால், இந்தப் பித்தலாட்டத்திற்கு என்ன பெயர் வைப்பது?

ஃபேஸ்புக் கம்பெனி 2013-இல் ஒனாவோ என்ற கம்பெனியை வாங்கி, அதன் வி.பி.என். செயலியை "உங்கள் விவரங்களைக் காப்பாற்றுகிறோம்" என்று சொல்லி ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆனால், ஜனங்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் உபயோகிக்கிறார்கள் என்கின்ற விவரத்தைத் தன்னுடைய வியாபாரத்துக்காகவே அதன் மூலம் சேகரித்துக் கொண்டது. இதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023-இல் அதன் இரண்டு துணைக் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதுபோலவே, "நாங்கள் எந்தக் குறிப்பும் எழுதி வைப்பதில்லை" என்று சத்தியம் செய்த, ஹாங்காங்கோடு சம்பந்தப்பட்ட 7 வி.பி.என்.கள் எழுதி வைத்திருந்த குறிப்புகள் 2020 ஜூலையில் பூட்டில்லாத சர்வரில் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சத்தியத்தை நம்பினவர்கள் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

நமது நாட்டுச் சங்கதியும் ஒன்று இருக்கின்றது. இந்திய சர்க்காரைச் சேர்ந்த செர்ட்-இன் என்னும் ஸ்தாபனம், வி.பி.என். கம்பெனிகள் தங்கள் வாடிக்கைக்காரர்களின் பெயர், விலாசம், அவர்களுக்குக் கொடுத்த எண் முதலியவைகளை 5 வருஷ காலம் வைத்திருக்க வேண்டுமென்று 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. அதை ஒப்புக்கொள்ளாமல், அந்த வருஷத்திலேயே சில பெரிய அன்னிய வி.பி.என். கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஆகையால், "எவனாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்பவர்கள், தமது கம்பெனி எந்த ஊர்ச் சட்டத்திற்கு உட்பட்டது, எதை எழுதி வைக்கின்றது என்றாவது கேட்டதுண்டா?

தோழர்களே! இதையெல்லாம் பார்க்கும்போது, வி.பி.என். என்பது நம்பிக்கையை ஒழிப்பதில்லை. நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுகின்றது, அவ்வளவுதான் என்பது விளங்கும். முன்பு லாட்ஜ் வைஃபைக்காரனை நம்பினோம், இப்பொழுது வி.பி.என்.காரனை நம்புகிறோம். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே தரகன் புகுந்து, "எல்லாவற்றையும் என்னிடம் சொல், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று சொன்னதற்கும் இதற்கும் உருவம்தான் வேறு. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. புரோகிதன் சொல்லும் மோட்சத்தைச் செத்த பிறகு போய்த்தான் பரீட்சை செய்ய வேண்டும். வி.பி.என்.காரன் சொல்லும் மறைவை இப்பொழுதே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பரீட்சை செய்து பார்க்கலாம். பரீட்சை செய்யக் கூடியதைப் பரீட்சை செய்யாமல் நம்புகிறவனைப் பக்தன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே விஞ்ஞானத்தின் யோக்கியதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. டனல்கிராக்கைக் கண்டுபிடித்தவர்களை யாரும் நாஸ்திகர் என்று ஊரைவிட்டுத் துரத்தவில்லை. அவர்கள் முதலில் கம்பெனிகளுக்குத் தெரிவித்து, சரி செய்து கொள்ள அவகாசம் கொடுத்து, பிறகு யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி முறையையும் வெளியிட்டார்கள். சில கம்பெனிகள் ஓட்டையை அடைத்தன. குற்றத்தை எடுத்துச் சொன்னவனுக்கு நன்றி சொல்லித் திருத்திக் கொள்ளுவது விஞ்ஞானம். குற்றத்தை எடுத்துச் சொன்னவன் நாக்கை அறுப்பது மதம். புராணத்தில் உள்ள ஆயிரம் ஓட்டைகளில் ஒன்றையாவது, "ஆம், தவறுதான்" என்று ஒப்புக்கொண்டு அடைத்த மடாதிபதி யாராவது உண்டா?

ஆகவே வி.பி.என்.னைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். குடையில் ஓட்டை இருக்கிறதென்றால் தைத்துக்கொள் என்றுதான் சொல்லுவோம். மழையில் நனை என்று சொல்ல மாட்டோம். பத்திரிகைகளையும் இணையதளங்களையும் சர்க்காரே அடைத்து வைத்திருக்கும் தேசங்களில் எத்தனையோ பேர் வெளி உலகத்தைப் பார்ப்பது இதைக் கொண்டுதான். அவர்களுக்கு ஓர் ஓட்டை என்பது ஒரு சிறைவாசமாகும். அதனாலேயே இந்த விஷயம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் மாத்திரம் பேச வேண்டிய விஷயமல்ல என்கின்றோம்.

எனவே, உபயோகிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டியவை இவை. முதலாவது, வி.பி.என். போட்டவுடன் நமது எண் விலாசமும், விலாசக் கேள்வியும் எங்கே போகின்றன என்று காட்டும் பரீட்சையைச் செய்து பாருங்கள். ஒரு தரமல்ல, புதிய இடத்திற்குப் போகும்போதெல்லாம் செய்யுங்கள். ஆனால், அப்பரீட்சை சில ஓட்டைகளைத்தான் காட்டும் என்பதையும் மறவாதீர்கள்; டனல்விஷன் போன்றவை அதில் அகப்படாமல் போகலாம். இரண்டாவது, செல்போனும் செயலியும் புதுப்பிக்கச் சொல்லும்போது தள்ளிப் போடாதீர்கள்; கண்டுபிடித்த ஓட்டையை அடைப்பது அதில்தான் வருகிறது. மூன்றாவது, முக்கியமான காரியத்தை முன்பின் தெரியாத இடத்து வைஃபையில் செய்யாமல், சொந்தச் செல்போனின் சிம் கார்டு மூலமாகவே செய்யுங்கள். நான்காவது, ஆண்ட்ராய்டில் "வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடு" என்கின்ற ஏற்பாடு ஒன்று உண்டு, அதைப் போட்டு வையுங்கள். ஆனால் அதுகூட முழுக் காவல் அல்ல. இணைப்பு இருக்கிறதா என்று செல்போன் தானாகவே கேட்டுப் பார்க்கும் கேள்விகள் அதையும் மீறி வெளியே போகின்றன என்று 2022-இல் முல்வாட் என்னும் வி.பி.என். கம்பெனியே வெளியிட்டது. ஐந்தாவது, இலவசமாகக் கொடுப்பவன் எதை விற்றுச் சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். முதலாளி யார், வெளியார் வந்து சோதித்திருக்கிறார்களா, நிரலை யாவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறானா என்று விசாரியுங்கள். கத்தரிக்காய் வாங்குவதற்குப் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிற நாம், உயிருக்கு ஆபத்தான விஷயத்தில் விளம்பரத்தைப் பார்த்து வாங்கலாமா?

கடைசியாக ஒரு வார்த்தை. நமது வாலிபத் தோழர் அன்று இரவு போகும்போது, "அப்படியானால் இனி எழுதாமல் இருந்துவிடட்டுமா, அய்யா?" என்று கேட்டார். நாம் அப்படிச் சொல்லவில்லை. "எழுதுங்கள், ஆனால் எதற்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று தெரிந்து கொண்டு எழுதுங்கள்" என்றோம். சுவருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று எண்ணித் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பவனைவிட, திறந்த வெளியில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பவனே பத்திரமானவன். ஏனென்றால், அவன் ஜாக்கிரதையாக இருப்பான். தனியாக நிற்காமல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நிற்பான். சுடுகாட்டுப் பாதை கிடைப்பதும் அப்படி நிற்பதனால்தானேயொழிய, சாவி அடையாளத்தினால் அல்ல.